உங்கள் பகுதியில் கிடைக்காது

ஜூன் 9

அக்கா,

நான் வரல. முன்ரூமை ஒழிச்சு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்னு எழுதியிருந்தியே, அதை யாருக்காவது வாடகைக்கு விட்டுரு. இங்க என் ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறியா, இல்ல மூட்டையைக் கட்டறியான்னு சூப்பர்வைசர் கேட்டுட்டே இருக்கான். இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள சொல்லணும். போன மாசம் உன்கிட்ட வர்றேன்னு சொன்னேன். இப்ப வரலன்னு சொல்றேன். அவ்வளவுதான்.

போன்ல பேசினா நீ அழுவ, நான் கத்துவேன். அதான் உன் நம்பரை பிளாக் பண்ணிட்டு மெயில் எழுதறேன். எழுத்துல ரெண்டு சத்தமும் கேக்காது.

காரணம் கேப்ப. ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேரையும் டிவியில பார்த்தேன்.

அது எப்படி அங்க வரும்னு முழிப்ப. வராதுதான். நம்ம சேனலோட ஆப்பை இங்க திறந்தா, ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ன்னு கறுப்புத் திரையில எழுத்து வரும். அதுக்குத்தான் விபிஎன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டா நான் நம்ம ஊர்லயே இருக்கிற மாதிரி அந்த ஆப்கிட்ட பொய் சொல்லிரும். அதுவும் நம்பிக் கதவைத் திறந்து விட்டுரும். வந்த நாள்லேருந்து அப்படித்தான் பார்க்கிறேன். உடம்பு இங்க ஹோட்டல் துணி துவைக்குது, கண்ணு மட்டும் நம்ம தெருவுல நிக்குது.

நாங்க நாலு பேர் இருக்கிற ரூம். ரெண்டு மாடிக்கட்டில், நடுவுல ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல டிரைவர் அண்ணனோட லேப்டாப். ஜன்னலுக்குத் திரை, ஹோட்டல்ல கழிச்சுப் போட்ட படுக்கை விரிப்பு. லாண்டரிக்காரன் நான்தானே, அது என் பங்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் அந்தப் பேச்சு நிகழ்ச்சியைப் பார்ப்போம். பெத்தவங்க ஒரு பக்கம், பிள்ளைங்க எதிர்ப் பக்கம் உக்காந்து மாறி மாறிக் குறை சொல்றதைப் பார்த்து, அவனவன் வீட்டை நினைச்சுக்குவான்.

முதல்ல சட்டையைத்தான் பார்த்தேன். பணிமனையில ஓய்வு கொடுத்து அனுப்பினப்ப போட்டிருந்தாரே, நீகூட போட்டோ அனுப்பினியே, அந்த நீலக்கோடு போட்டது. “எங்கப்பா”ன்னு கத்திட்டேன். மேல்கட்டில்ல இருந்தவன் குதிச்சு இறங்கினான். மாஸ்டர், அதான் எங்க ஹோட்டல் சமையல்காரர், கையைக்கூடத் துடைக்காம வந்து நின்னாரு. டிரைவர் அண்ணன் சத்தத்தைக் கூட்டிட்டு, “என்னடா இன்ஜினியர், அப்பா இவ்வளவு களையா இருக்காரு, நீ யார் மாதிரி?”ன்னாரு. இங்க என் பேரு இன்ஜினியர். மூணாம் வருஷத்தோட படிப்பை விட்டவன்னு தெரிஞ்சப்புறம் வச்ச பேரு.

நிகழ்ச்சியை நடத்தற ஆளு அப்பாகிட்ட மைக்கை நீட்டி, எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டான். அங்க வந்து படம் நின்னுருச்சு. விபிஎன் போட்டா நெட் இழுக்கும். அப்பா வாயைப் பாதி திறந்தபடி நிக்கிறாரு, நடுவுல வட்டம் சுத்துது. மாஸ்டர் சும்மா இருக்காம திரையைப் பார்த்து, “ரெண்டுங்க. ஒண்ணு எதிர்ல இருக்கு, இன்னொண்ணு எங்க உயிரை வாங்குது”ன்னு அவருக்குப் பதிலா பதில் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். வட்டம் நின்னுச்சு.

“ஒண்ணுங்க. இதோ எதிர்ல உக்காந்திருக்காளே, அவ மட்டும்தான்.”

கேமரா உன் பக்கம் திரும்புச்சு. நீ சிரிச்ச.

மாஸ்டர்தான் முதல்ல, “அது வேற யாரோ மாதிரி இருக்கு தம்பி. சட்டை ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா?”ன்னாரு. யாரோ ஒரு மனுஷன் எனக்காக ஒரு பொய் சொல்றாரு. எனக்காக ஒரு உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வரல. மைக் உன்கிட்டயும் வந்துச்சே. வீட்டு வேலையில அப்பா எப்படி ஒத்தாசை பண்றாருன்னு கதை சொன்ன.

இப்படிக்கு,
இன்ஜினியர்

(தம்பின்னு போட்டுக்க இனிமே உரிமை இல்லல்ல.)


ஜூன் 12

டேய்,

உன் கடிதத்தை மருந்துக் கடையில் நின்றபடியே படித்தேன். சர்க்கரைக்கு மாத்திரை கேட்டவரிடம் ரத்த அழுத்த மாத்திரையை நீட்டிவிட்டேன். நல்லவேளை, அவர் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். முதலாளியிடம் நான் வாங்கிய திட்டில் பாதி உன்னுடையது.

முதலில் நடந்ததைக் கேள். எங்கள் கடைக்கு வரும் பெண் ஒருத்தி அந்த நிகழ்ச்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவள். இரண்டு வரிசை காலியாக இருக்கிறது, அப்பாவை அழைத்துக்கொண்டு வா என்றாள். ஓய்வு பெற்றதிலிருந்து அப்பா வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார். நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றிப் பழுது பார்க்கிறார். ஒரு நாள் வெளியே போய் வந்தால் நல்லது என்று நினைத்தேன். காலையில் உட்காரவைத்தவர்கள் பொழுது சாயும்போதுதான் விட்டார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் தலை கிறுகிறுத்தது. அப்பா அதைச் சொன்னபோது எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சிரித்தேனா என்றுகூட நினைவில்லை.

திரும்பி வரும்போது பேருந்திலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன். “அக்கா, மொத்தத்துல அதுதான் நல்லா வந்திருக்கு, வெட்டுவாங்களா?” என்றாள். வெளிநாட்டில் வருமா என்று கேட்டேன். நிச்சயமாக வராது என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். நீ இப்படி ஒரு பொய்க்கதவு வைத்திருப்பாய் என்று நான் கனவா கண்டேன்?

நீ மட்டும் பட்டவன் போலப் பேசாதே. அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போனாய் என்று அப்பா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அதை எடுத்துக்கொண்டு உன் கல்லூரிக்கு ஓடினாரே, அன்றைக்கு என்ன ஆனது? “அந்தப் பையன் காலேஜுக்கு வந்தே மாசக்கணக்காச்சுங்களே” என்று காவலாளி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினவன் நீ. கையில் உன் படம் போட்ட அட்டையோடு வாசலில் நின்றவர் அவர். அவரும் நாலு பேருக்கு முன்னால்தான் நின்றார்.

சரி, பழசை விடு. கையெழுத்துப் போடாதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். நீ வரப்போவதை நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவே இல்லை. எதற்கு வெள்ளையடிக்கிறாய் என்று கேட்டார், சுவரில் ஈரம் ஊறுகிறது என்றேன். நீ திடீரென்று வாசலில் வந்து நிற்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். என் பைத்தியக்கார ஆசை அது.

இன்னொன்று. அந்த நிகழ்ச்சியை நீ பார்த்துவிட்டாய் என்று அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கூசிப்போய்விடுவார். உனக்குத் தெரியாது என்ற தைரியத்தில், ஏதோ கோபத்தில் வந்த வார்த்தை அது.

அக்கா


ஜூன் 14

அக்கா,

கூசிப்போவாரா? நல்ல ஜோக்கு. டிரைவர் அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டினேன், அவரே சிரிச்சிட்டாரு.

உனக்கு ஒண்ணு தெரியாது. அந்த ஆப்புல கணக்கு யாரு பேர்ல இருக்கு தெரியுமா? அப்பா பேர்ல. வீட்ல இருந்தப்ப அவரு போன்ல நான்தான் போட்டுக் கொடுத்தேன். இங்க வந்து முதல் தடவை திறந்தேன். நம்பர் கேட்டுச்சு, கொடுத்தேன். ஓடிபி அனுப்பியிருக்கோம்னு சொல்லுச்சு. எங்க அனுப்பும்? அப்பா போனுக்குத்தான். அடச்சேன்னு உக்காந்துட்டேன். அவரோட பேச்சு வார்த்தையே கிடையாது, கேட்டு வாங்கவா முடியும்? உன்கிட்ட சொல்லி வாங்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கும்போதே அவர்கிட்டேருந்து மெசேஜ். வெறும் நம்பர். எப்படி இருக்கன்னு இல்ல, சாப்பிட்டியான்னு இல்ல. நம்பர் மட்டும்.

அன்னைலேருந்து அப்படித்தான். அந்த ஆப்பு அப்பப்ப என்னைச் சந்தேகப்பட்டு வெளிய தள்ளிரும். மறுபடி உள்ள போகணும்னா அவரு போனுக்குத்தான் போகும். அந்த நம்பரு கொஞ்ச நேரந்தான் செல்லும், அதுக்குள்ள அனுப்பிருவாரு. ஒரு தடவைகூட தவறினது இல்ல. நான் தேங்க்ஸ் சொன்னதில்ல, அவரு எதுவும் கேட்டதில்ல. ஆனா ஒரு வாரம் ஆப்பு என்னை வெளிய தள்ளலன்னா, நானே வேணும்னு வெளிய வந்து மறுபடி உள்ள போவேன். இதை ஏன் உன்கிட்ட சொல்றேன்னு எனக்கே தெரியல. அவரு போனைக் கையில வச்சிருக்காரு, நல்லா இருக்காருன்னு தெரிஞ்சுக்க எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு.

இப்பச் சொல்லு. எந்தச் சேனலுக்குன்னு அந்த மெசேஜ்லயே போட்டிருக்கும். நான் என்ன பார்க்கிறேன்னு அவருக்கு நல்லாவே தெரியும். அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம்கூட ஆப்பு வெளிய தள்ளிருச்சு. நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போகுது, மாஸ்டர் சீக்கிரம் சீக்கிரம்கிறாரு. அப்பா நம்பர் அனுப்பினாரு. அவரு அனுப்பின நம்பரைப் போட்டு உள்ள போய்த்தான், அவரு என்னை இல்லைன்னு சொன்னதைப் பார்த்தேன்.

கோவத்துல வந்த வார்த்தையாம். தெரியாதுங்கிற தைரியமாம். கதவைத் திறந்து விட்டு, உக்கார வச்சு, மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காரு. எனக்காகச் சொன்னது அது. எனக்குப் புரிஞ்சிருச்சு.

நீ சிரிச்சது உனக்கு ஞாபகம் இல்லன்னு எழுதாத. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பல்லு தெரியுது.

இன்ஜினியர்


ஜூன் 19

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாள் நான் அப்பாவோடும் பேசவில்லை, உனக்கும் எழுதவில்லை. என் கோபம் எதற்கென்று உனக்குப் புரியாது, இருந்தாலும் சொல்கிறேன். நீ போனதிலிருந்து உங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவள் நான். அவனுக்கு அங்கே குளிராமே, கம்பளி வாங்கச் சொல் என்பார் அவர். அவருக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்பாய் நீ. கேட்டது யார் என்று இரண்டு பேரிடமும் சொல்லக் கூடாது. நானே கேட்டதுபோலக் கேட்டு, நானே சொல்வதுபோலச் சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் இருவரும் தனியாக ஒரு பேச்சு வைத்திருந்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

சிரித்தேன். ஞாபகம் இருக்கிறது. அத்தனை பேருக்கு நடுவில் ஒருவர் என்னை விரல் நீட்டிக் காட்டி, இவள்தான் என்றார். வீட்டில் இருப்பவளை யாரும் அப்படிக் காட்டியதில்லை. அவர் சொன்னதன் மறுபாதி மண்டையில் ஏறுவதற்குள் முகம் சிரித்துவிட்டது. கேமராவுக்கு அந்த முகம் போதுமானதாக இருந்தது.

நேற்று கேட்டுவிட்டேன். அப்பா தரையில் உட்கார்ந்து மின்விசிறி இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் பார்ப்பான் என்று உங்களுக்குத் தெரியுமா என்றேன். சுற்றி வளைப்பார் என்று நினைத்தேன். துடைப்பதைக்கூட நிறுத்தவில்லை.

“தெரியும். பாக்கட்டும்னுதான் சொன்னேன்.”

“ஏம்ப்பா?”

“நீயும் வாடா வாடான்னு கெஞ்சிட்டுத்தான இருக்க, வந்தானா? பாசத்துக்கு வர்ற ஆளா அவன்? ரோஷம் வந்தாதான் அவன் காலு நகரும். என்னை எப்படி இல்லைன்னு சொல்லலாம்னு என் சட்டையைப் பிடிக்கவாவது கிளம்பி வருவான்ல.”

நீதான் வரவிருந்தாயே. கெஞ்சியதற்கே ஒத்துக்கொண்டுவிட்டாயே. அது தெரியாமல்தான் அவர் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போயிருக்கிறார். நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இரண்டு என்று சொல்லியிருப்பார். நான் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டு மூடி வைத்தேன்.

அந்த நிமிடமே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் ஏதோ காரியத்தைச் சாதித்துவிட்டவர் மாதிரி இறக்கைகளை மாட்ட ஆரம்பித்தார். “கோவமா இருக்கானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப வந்துருவான்” என்றார்.

இன்னும் நாள் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கிளம்பி வா. வந்து சட்டையைப் பிடி. நான் விலக்கமாட்டேன்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

நான் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னைக்கு இல்ல, பதினஞ்சாம் தேதியே. உனக்குப் போன கடிதத்தை அனுப்பிட்டு, மறுநாள் காலையில நேரா ஆபீசுக்குப் போயிட்டேன். நீ பதில் எழுதுவன்னு தெரியும். எழுதினா மனசு மாறும்னும் தெரியும். அதனாலதான் முந்திக்கிட்டேன்.

உன் கடிதம் வந்தப்ப லாண்டரியில ரோலர் மெஷின்ல நின்னுட்டிருந்தேன். ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டா மறுபக்கம் இஸ்திரியாகி வரும், ரெண்டு பேர் பிடிச்சு மடிக்கணும். நான் போனைப் பார்த்துட்டு நின்னதுல மூணு விரிப்பு சுருண்டு உள்ளயே கருகிருச்சு. அந்தப் புகையோடயே சூப்பர்வைசர்கிட்ட போனேன். பேப்பரைத் திருப்பிக் கொடுன்னு கேட்டேன். மேல போயிருச்சாம். என் பாஸ்போர்ட்டும் அவங்க ஆபீஸ் அலமாரியிலதான் இருக்கு. நடுவுல விட்டுட்டுப் போனா மறுபடி இந்த நாட்டுக்குள்ளயே கால் வைக்க முடியாதாம். அதையும் நீதான் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டங்கிறான். “போடறப்ப பேப்பர் கிழியற மாதிரி அழுத்தின. இப்ப வந்து பல்லைக் காட்டற”ன்னான். அடிச்சிருப்பேன். மாஸ்டர் வந்து இழுத்துட்டுப் போயிட்டாரு.

அப்பா போட்ட கணக்கு தப்பு அக்கா. எனக்கு ரோஷம் வந்தா நான் வர்ற ஆள் இல்ல, போற ஆள். பெத்தவருக்கு அது தெரியலையே, அதுதான் எனக்கு எரியுது. காலேஜ் வாசல்ல நின்னாரே, அன்னைக்கு என்னைத் தேடிக் கண்டுபிடிச்சாரு. அடிக்கல, திட்டல. “என்கூட வராத, அடுத்த பஸ்ல வா”ன்னாரு. ஏறிப் போயிட்டாரு. நான் அந்த அடுத்த பஸ்ல ஏறவே இல்ல. ஏஜெண்ட் ஆபீசைத் தேடிப் போனேன். அன்னைக்கே அவருக்குப் புரிஞ்சிருக்க வேணாமா, இவனைத் தள்ளினா தள்ளின பக்கமே போவான்னு?

ஒரே ஒரு உதவி பண்ணு. நான் வர இருந்தேன்னு அவர்கிட்ட சொல்லிராத. வேணும்னே வரலன்னு நினைச்சா என்னைத் திட்டுவாரு. வர இருந்தவனை அவரு வார்த்தைதான் தடுத்துச்சுன்னு தெரிஞ்சா தன்னைத்தானே திட்டிப்பாரு. என்னைத் திட்டறது அவருக்குப் பழக்கம். அதுலயே இருக்கட்டும், உடம்புக்கு நல்லது.

உன் நம்பரை பிளாக்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா இப்ப கூப்பிடாத.

தம்பி


ஜூன் 24

தம்பி,

நீ கேட்ட உதவியை நான் செய்யவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் மூடி மூடி வைத்து, கடைசியில் நான் கண்டது என்ன? உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துக் காட்டினேன். அவரிடம் சொல்லிராத என்று நீ எழுதியிருந்ததையும் சேர்த்தே படித்தேன்.

பஸ் விஷயம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு படி என்றார். முடித்ததும் நீ ஒப்பந்தம் போட்டதைப் பற்றியோ, இனி எப்போது வருவாய் என்பதைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கேட்டது என்னைத்தான்.

“அவன் வர்றேன்னு சொன்னது உனக்கு எப்பத் தெரியும்?”

“டிவிக்குப் போறதுக்கு முன்னாடியே.”

“வெள்ளையடிச்சது அதுக்குத்தானா?”

ஆமாம் என்றேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் என் வாயால அதைச் சொல்லியிருப்பேனா?”

எழுந்து போய் முன்ரூமில் படுத்துக்கொண்டார். உனக்காக வெள்ளையடித்த அறையில், புதுப் பாயைக்கூட விரிக்காமல், வெறும் தரையில். அவர் வார்த்தை தவறு, உன் கையெழுத்து தவறு, ஆனால் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவள் நான் என்பதால் எல்லாம் என் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். தட்டைத் தானே கழுவி வைக்கிறார். கடைக்குக் கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொன்னால் சுவரைப் பார்க்கிறார்.

இப்போது யாராவது அவரிடம் மைக்கை நீட்டினால் சரியான பதிலைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரோடும் பேச்சுவார்த்தை கிடையாது.

அக்கா